கலர் என்றால் என்ன நிறம்?

தோலின் நிறம் என்று தனியாக ஒரு குச்சி கிடையாது. ஆனால் ‘ஸ்கின் கலர்’ என்று ஒரு பென்சிலை நாம் எல்லோரும் பள்ளியில் வைத்திருந்தோம். வெளிறிய ரோஸ் நிறம். எங்கள் வகுப்பில் 42 பேர். அந்த நிறத்தில் ஒருவர்கூடக் கிடையாது. ஆனாலும் அதை வைத்துத்தான் அம்மாவை வரைந்தோம், டீச்சரை வரைந்தோம், எங்களையே வரைந்தோம். அமெரிக்காவில் கிரயோலா கம்பெனி தன் பெட்டியில் ‘சதை நிறம்’ என்று பெயர் போட்டிருந்த குச்சிக்கு 1962ல் ‘பீச்’ என்று பெயர் மாற்றியது. நம்மூர் ஸ்டேஷனரிக் கடையில் இன்றைக்குப் போய் ‘ஸ்கின் கலர்’ கேட்டால் கடைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

நான் மதுரையில் இருந்துகொண்டு படம் வரைந்து பிழைக்கிறவள். விசிட்டிங் கார்டில் ‘ஃப்ரீலான்ஸ் இல்லஸ்ட்ரேட்டர்’ என்று போட்டிருக்கிறேன். தெருவில் கேட்டால் “வீட்ல இருந்தே ஏதோ படம் போடுது அந்தப் பொண்ணு” என்பார்கள். மாதத்தில் பாதி நாள் பத்திரிகைக் கதைகளுக்கும் குழந்தைகள் புத்தகங்களுக்கும் கம்ப்யூட்டரில் வரைவேன். மீதி நாள் பேஸ்டல். பேஸ்டலில் எனக்கு வருவது பெரும்பாலும் உருவப்படங்கள். அதிலும் பெரும்பாலும் இறந்தவர்கள். முதல் வருஷத் திதிக்குள் வேண்டும் என்று கேட்டு வருவார்கள். வாட்ஸப்பில் இரண்டு மூன்று போட்டோ வரும். பின்னாலேயே ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும். சேலை என்ன கலர், பொட்டு எவ்வளவு பெரிசு, மூக்குத்தி எந்தப் பக்கம் என்றெல்லாம் சொல்லிவிட்டு, முடிக்கும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்தி ஒரு வாக்கியம் வரும்: “கொஞ்சம் கலரா போட்டுக் குடுங்க.”

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது. காசு கொடுத்து வரையச் சொல்கிறவர் முகத்தின் நிறத்தை மாற்றச் சொன்னால் மாற்றலாமா? கூடாது என்றால் ஏன் கூடாது? அந்த முகம் யாருடையது?

*

முதலில் அந்தச் சொல்லைப் பார்த்துவிடலாம். தமிழில் ‘கலர்’ என்றால் வண்ணம். ஆளைப் பற்றிப் பேசும்போது மட்டும் அதற்கு வேறு அர்த்தம். “பொண்ணு நல்ல கலர்” என்றால் வெள்ளையாக இருக்கிறாள் என்று பொருள். இங்கிலீஷ் சொல் வந்து கெடுத்தது என்றும் சொல்ல முடியாது. “நல்லா நெறமா இருப்பா” என்று பாட்டிகள் சொல்வதும் அதே அர்த்தத்தில்தான். ‘செவப்பு’ என்போம், அந்த ஆள் சிவப்பாக இருக்கமாட்டார். ‘மாநிறம்’ என்போம், பல வீடுகளில் அது கறுப்பைச் சொல்லாமல் சொல்வதற்கான வார்த்தை. ஆக, நம்மில் மிகப் பலருக்கு இருக்கும் நிறம், நிறம் என்ற சொல்லுக்குள்ளேயே வராது.

பேஸ்டல் வேலை செய்கிறவளுக்கு இது வேடிக்கையான சங்கதி. ஏனென்றால் காகிதத்தில் நேர்மாறாகத்தான் நடக்கிறது. பேஸ்டல் குச்சி என்பது நிறமித் தூளும் சுண்ணமும், அதைப் பிடித்துவைக்கக் கொஞ்சம் பிசினும். எண்ணெய் கிடையாது, தண்ணீர் கிடையாது. தட்டில் குழைத்துக் கலக்க முடியாது. கலப்பதெல்லாம் காகிதத்தின் மேலேயே, ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றைத் தேய்த்து. வெளுத்த முகம் வரைய எனக்குக் குச்சிகள் குறைவாகத்தான் தேவைப்படும். கறுத்த முகத்துக்கு மேஜை நிறைய வேண்டும். அடியில் காவிப் பழுப்பு. கன்னத்தின் குழியில் கருநீலம். மூக்கின் ஓரத்தில் ஒயின் சிவப்பு. தாடைக்குக் கீழே, சேலையின் பச்சை ஏறிய ஒரு நிழல். நெற்றியில் வெளிச்சம் படும் இடத்தில் வெள்ளையைப் போட்டால் முகம் செத்துப்போகும். அங்கே வெளிர்நீலமோ ஊதாவோ வேண்டும், கறுத்த தோலில் வானம் விழுகிறது என்பதால். வேலை முடியும்போது கையைப் பார்த்தால் பதினைந்து நிறம் ஒட்டியிருக்கும். ‘கலர்’ இல்லாதவர்கள் என்று நாம் சொல்கிறவர்களை வரையத்தான் கலர் அதிகம் செலவாகிறது.

செலவு என்று சொன்னேன். ஒரு நல்ல வெளிநாட்டுக் குச்சி சில நூறு ரூபாய். விரல் நீளம்தான். தேய்ந்துகொண்டே வரும். தூள் பறக்கும் என்பதால் ஃபேனைப் போட முடியாது. மே மாத மதுரையில் ஃபேன் இல்லாமல், முகத்தில் மாஸ்க்கோடு உட்கார்ந்து வரைவது என்னவென்று சொல்லத் தேவையில்லை. சில நிறமிகளில் கேட்மியம் உண்டு, அதனால் ஊதித் தள்ளவும் கூடாது. பலகையைத் தட்டித்தான் தூளை இறக்க வேண்டும். படம் முடிந்தாலும் முடியாது. பேஸ்டல் காய்வதில்லை. நூறு வருஷம் கழித்தும் விரலை வைத்தால் ஒட்டிக்கொண்டு வரும். மேலே ஃபிக்ஸேட்டிவ் அடித்தால் வெளிச்சமான இடங்கள் மங்கும். ஆகவே காகிதத்தைத் தொடாதபடி இடைவெளி விட்டுக் கண்ணாடி போட வேண்டும். ஏ3 அளவில் தலையும் தோளும் வரைய மூன்று நாள் ஆகும். 8,000 ரூபாய் வாங்குகிறேன். பாதி முன்பணம். “போட்டோ பிரிண்ட் போட்டா முந்நூறு ரூவாதானே மேடம்” என்பார்கள். சரிதான்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்தில் வந்ததில்லை. கரண்ட் பில்லோடு சேர்ந்து வந்தது. ஒரு படத்தை வேண்டாம் என்று சொன்னால் அந்த மாதத்தில் 8,000 குறையும்.

*

‘ஃப்ரீலான்ஸ்’ என்ற சொல்லின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். லான்ஸ் என்றால் ஈட்டி. 1819ன் கடைசியில் வெளியான வால்டர் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’ நாவல், எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாமல் கூலிக்குச் சண்டை போடும் படைவீரர்களை இந்தச் சொல்லால் குறிக்கிறது. சுதந்திரமான ஈட்டி. அதாவது, கூலி கொடுத்தால் யார் மேலும் பாயும் ஈட்டி. என் தொழிலின் பெயரிலேயே இந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறது. சுதந்திரம் என்பது யாரிடம் வேண்டுமானாலும் வேலை வாங்கிக்கொள்ளும் சுதந்திரமா, சில வேலைகளை வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரமா?

முகம் வரைந்து காசு வாங்கியவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் நின்றிருக்கிறார்கள். பேஸ்டல் உருவப்படத்தை ஐரோப்பாவில் பெரிய மோகமாக ஆக்கியவர் வெனிஸைச் சேர்ந்த ரோஸால்பா கரியெரா என்ற பெண். 1720ல் பாரிஸுக்குப் போனார். அந்த வருஷமே பிரெஞ்சு ராஜ அகாதெமி அவரைச் சேர்த்துக்கொண்டது. சிறுவனாக இருந்த பதினைந்தாம் லூயியை வரைந்தார். அவர் படங்களில் எல்லோரும் மிருதுவாக, கொஞ்சம் அழகு கூடியே தெரிவார்கள். அதற்குத்தான் வரிசையில் நின்றார்கள். அவருக்கு அடுத்த தலைமுறையில் ஜெனீவாக்காரர் லியோடார். அவருக்கு ‘உண்மையின் ஓவியர்’ என்றே பெயர். மருவை மறைக்கமாட்டார், சுருக்கத்தை நீக்கமாட்டார். அவருக்கும் அரண்மனைகளில் வேலை கிடைத்தது. ஆகவே, சரித்திரத்திடம் போய் ‘எது சரி’ என்று கேட்டால் அது இரண்டு பேரையும் காட்டுகிறது. இரண்டு பேரும் நன்றாகவே சம்பாதித்தார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ரோஸால்பா முன்னால் உட்கார்ந்தவர் உயிரோடு உட்கார்ந்திருந்தார். படம் பிடிக்கவில்லை என்றால் சொல்லலாம். தன் மூக்கைச் சின்னதாக்கச் சொன்னால் அது அவர் மூக்கு. என் முன்னால் உட்காருகிறவர்கள் செல்போன் திரையில் இருக்கிறார்கள். அவர்களிடம் “உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்க முடியாது.

*

சட்டத்திடம் கேட்டால் பதில் சுலபமாக இருக்கிறது. நம்முடைய 1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம், 17ஆவது பிரிவில், பொதுவாகப் படைத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது. உடனேயே ஒரு விலக்கும் வைக்கிறது: ஒருவர் கேட்டுக்கொண்டதற்காகப் பணம் வாங்கிக்கொண்டு வரைந்த உருவப்படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கேட்டவர்தான் முதல் உரிமையாளர். அதாவது நான் மூன்று நாள் வியர்த்து வரைந்த படத்தின் காப்புரிமை முதல் கணத்திலிருந்தே என்னுடையதில்லை. நிறைய இளம் ஓவியர்களுக்கு இது தெரியாது, தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

அதே சட்டத்தில் 57ஆவது பிரிவும் இருக்கிறது. உரிமையை விற்ற பிறகும், ‘இது நான் செய்தது’ என்று சொல்லும் உரிமையும், என் பெயருக்குக் கேடு வரும்படி அதைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் படைத்தவளிடமே இருக்கும். டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்திருந்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979ல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 2005ல் டெல்லி உயர் நீதிமன்றம், மிச்சத்தை அவரிடம் திருப்பிக் கொடுக்கவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் சொன்னது.

கவனித்தால் இந்த இரண்டு பிரிவிலும் இரண்டே பேர்தான். காசு கொடுத்தவர், வரைந்தவர். மூன்றாவது ஆள், முகத்துக்குச் சொந்தக்காரர், சட்டத்தின் இந்தப் பக்கத்தில் இல்லவே இல்லை.

*

குழந்தைகள் புத்தகங்களில் எனக்குக் குழப்பம் குறைவு. ஒரு பதிப்பகம், பெயர் வேண்டாம், கதையின் நாயகியான எட்டு வயதுப் பெண்ணைப் பற்றி எனக்குக் கரெக்‌ஷன் அனுப்பியது: ‘பாப்பா இன்னும் கொஞ்சம் பிரைட்டா இருக்கலாம்.’ அதே புத்தகத்தில் கோழி திருடும் ஆளுக்கு அந்தக் குறிப்பு வரவில்லை. அவன் இருந்தபடியே இருக்கலாமாம். அங்கே நான் முடியாது என்று சொன்னேன். அந்த வேலை என் கையில் தங்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பாப்பா யாருடைய அம்மாவும் இல்லை. யாருடைய துக்கமும் அதில் இல்லை. ஆனால் ஆயிரம் பிள்ளைகள் அதைப் பார்ப்பார்கள். திருடன் எந்த நிறம், நாயகி எந்த நிறம் என்று படித்துக்கொள்வார்கள். தீங்கு யாருக்கு என்பது பளிச்சென்று தெரிகிறது.

உருவப்படம் அப்படி இல்லை. அது ஒரே ஒரு வீட்டின் ஹாலில் மாட்டப்போகிற படம். கேட்கிறவர் அழுது முடித்திருக்கமாட்டார். அவரிடம் போய் நிற அரசியல் வகுப்பு எடுக்க நான் யார்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். “கலரா போடுங்க” என்கிறவர்கள் எல்லோரும் வெள்ளையடிக்கச் சொல்வதில்லை. பாதிப் பேருக்கு மேல் கேட்பது வேறு. அவர்கள் அனுப்பும் போட்டோவைப் பார்த்தால் புரியும். கல்யாண மண்டபத்தில், பின்னால் லைட் எரிய, எடுத்த குரூப் போட்டோ. கறுத்த முகம் அதில் ஒரு நிழலாக இருக்கும். கண்ணும் பல்லும்தான் தெரியும். இது அந்த முகத்தின் தப்பில்லை. கலர் ஃபிலிம் காலத்தில் பிரிண்ட் போடும் லேபுகளில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் அனுப்பிய அட்டையில் பல காலம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்தது. ‘ஷெர்லி கார்டு’ என்பார்கள். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. நம்மூர் ஸ்டுடியோக்களில் நெகட்டிவ் மேல் பென்சிலால் டச்சப் செய்து முகத்தை ஏற்றியதற்குப் பின்னால், அழகு பற்றிய ஆசையோடு இந்தக் குறையும் இருந்திருக்கும். ஆகவே அந்தப் பாதிப் பேர் கேட்பது வெளிச்சம். ‘எங்கப்பா மொகம் தெரியணும்’ என்பதைச் சொல்ல அவர்களிடம் இருக்கும் வார்த்தை ‘கலர்’.

அவர்களுக்கு நான் வெளிச்சத்தைக் கொடுத்துவிடுவேன். ஒரு பக்கத்தில் ஜன்னல் இருப்பதாக வைத்துக்கொண்டு வரைவேன். கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்த எஸ். இளையராஜா எண்ணெய் வண்ணத்தில் செய்தது இதைத்தான். பழைய வீட்டின் ஜன்னலோரம் நிற்கும் கறுத்த பெண்கள். ஒரு நிறத்தைக்கூட வெளுக்காமல் வெளிச்சத்தை மட்டும் உள்ளே விட்டார். 2021ல் கொரோனாவில் அவர் போனபோது அந்தப் படங்களைப் பகிராதவர்கள் குறைவு. அதைப் போனில் வால்பேப்பராக வைத்திருக்கிற ஒருவரே என்னிடம் தன் அத்தையைக் கலராகக் கேட்டிருக்கிறார். ஓவியத்தில் ரசிப்பது வேறு, சொந்த ஹாலில் மாட்டுவது வேறு போலிருக்கிறது. ஆனால் படத்தை வரைந்து காட்டியதும் அந்தப் பேச்சே வரவில்லை. “அத்தை கண்ணு தெரியுதுங்க” என்றார். அவருக்கு வேண்டியிருந்தது அதுதான்.

வெளிச்சத்தால் தீராத கேள்வி ஒன்று போன வருஷம் வந்தது.

*

திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெண் பேசினார். நர்ஸாக இருக்கிறார். அவர் அம்மா சத்துணவுக் கூடத்தில் ஆயாவாக இருந்தவர். போட்டோ மொத்தமே நான்குதான் இருந்தது. ஒன்று ஆதார் கார்டில் இருப்பது. மற்ற மூன்றிலும் யாருக்காவது பின்னால் நிற்கிறார். கேமராவைப் பார்த்தாலே நகர்ந்துவிடுவாராம். நான்கையும் பார்த்துவிட்டு, “முகம் நல்லா கிடைக்குது, போட்டுரலாம்மா” என்றேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். அம்மாவ நல்லா கலரா போட முடியுமா?”

வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். வெளிச்சம், ஜன்னல் எல்லாம்.

“அது இல்லக்கா. போட்டோ நல்லா இல்லன்னு சொல்லல. அம்மா கறுப்புதான். எங்க அப்பா குடும்பத்துல அதையே சொல்லிச் சொல்லி… கடைசி வரைக்கும் அம்மாவுக்கு அது ஒரு கொறை. ஒருநாள் எங்கிட்டயே சொல்லிருக்கு, ‘அடுத்த ஜென்மத்துலயாவது கலரா பொறக்கணும்டி’ன்னு. படத்துலயாவது இருக்கட்டுமேக்கா.”

நான் இதுவரை சேர்த்துவைத்திருந்த நியாயம் எல்லாம் இந்த இடத்தில் நின்றுவிட்டது. இறந்தவரின் சம்மதம் இல்லையே என்பதுதான் என் வாதம். இங்கே சம்மதம் இருக்கிறது. ஆசையே இருக்கிறது. வாழ்நாள் முழுக்க அவர் கேட்டது ஒன்று. இரண்டு குச்சியை மாற்றிப் போட்டால் அதைக் கொடுத்துவிடலாம். கொடுக்கமாட்டேன் என்று சொல்வதுதான் கொடுமை இல்லையா?

ஒரு வாரம் அந்தப் பலகையைத் தொடவில்லை. யோசித்தது இதுதான்.

ஒரு ஆசை இருக்கிறது என்பதற்காகவே அது நிறைவேற்றத்தக்கது ஆகிவிடுமா? அந்த அம்மாவுக்கு அந்த ஆசை தானாக வரவில்லை. நாத்தனார்கள் கொடுத்தது. பந்தியில், பெண் பார்க்க வந்த இடத்தில், காலண்டரில் கொடுத்தது. கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான சாமி படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. அதில் லட்சுமி என்ன நிறம் என்று எல்லோருக்கும் தெரியும். கண்ணனுக்குப் பெயரே கறுப்பன் என்றாலும் படத்தில் நீலம். 1975ல் ஒரு சிவப்பழகு கிரீம் வந்தது. 2020ல்தான் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்தது. அந்த அம்மாவின் வயது ஏறக்குறைய அந்த கிரீமின் வயது. இப்படி நாலாபக்கமும் ஏற்றிய ஒன்றை ‘அவர் விருப்பம்’ என்று சொல்லி நான் நிறைவேற்றினால், நாத்தனார்கள் சொன்னது சரி என்று கடைசியாக ஒருமுறை சொல்கிற ஆள் நானாக இருப்பேன். அதுவும் அவர் பதில் பேச முடியாத இடத்தில்.

இந்த வாதம் எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே சந்தேகமும் வந்தது. வாழ்ந்த காலம் முழுக்க அவருக்காக மற்றவர்கள்தான் முடிவு எடுத்தார்கள். ‘உன் ஆசை உன்னுடையது இல்லை, உனக்கு ஊட்டியது’ என்று சொல்லும்போது நானும் அந்த வரிசையில்தானே சேர்கிறேன்? நானும் கறுப்புதான். எனக்கும் அந்த வார்த்தைகள் தெரியும். ஆனால் படித்து, தொழில் கற்று, கறுப்பில் எத்தனை நிறம் இருக்கிறது என்று பார்க்கும் வசதி எனக்குக் கிடைத்தது. அவருக்குக் கிடைத்தது சத்துணவுக் கூடத்தின் அடுப்பு. என்னுடைய தெளிவை அவர் முகத்தில் பூசுவதும் ஒரு பூச்சுதான்.

பிறகு அந்தப் பெண்ணுக்கு போன் செய்து அம்மாவைப் பற்றிப் பேசச் சொன்னேன். காலையில் எத்தனை மணிக்கு எழுவார், வேலைக்கு எப்படிக் கிளம்புவார். சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் சிரித்தார். “கூடத்துக்குப் போறதுக்கு முன்னாடி பவுடர் அப்பாம போகாதுக்கா. குட்டிகூரா. அடுப்புகிட்ட நிக்கப் போறோம், வேர்த்து வழியப் போகுதுன்னு தெரியும். ஆனாலும் கழுத்து வரைக்கும் அப்பும். நாங்க கிண்டல் பண்ணுவோம், மாவு டப்பாவுல விழுந்துட்டியான்னு.”

அந்த அம்மா தன் ஆசைக்காகத் தன் கையால் செய்த ஒரு காரியம் அங்கே இருந்தது. நிறத்தைப் பற்றி அவர் சொன்னது ஒன்று. தினமும் செய்தது இது. நான் வரைய வேண்டியது அவர் செய்ததை.

கறுத்த முகத்தில் பவுடர் எப்படி இருக்கும் என்று பார்த்திருப்பீர்கள். வெள்ளையாக இருக்காது. சாம்பலும் ஊதாவும் கலந்து ஒரு படலம்போல நிற்கும். புருவத்தின் ஓரத்தில் திட்டாகச் சேரும். மூக்கின் மடிப்பில் வேர்வை அதைக் கரைத்து, கீழே இருக்கும் நிறம் தெரியும். பேஸ்டலே தூள்தான் என்பதால், இதற்கு இதைவிடப் பொருத்தமான ஊடகம் இல்லை. முதலில் அவருடைய நிறத்தை முழுதாக வரைந்தேன், எதையும் குறைக்காமல். அதன் மேல் வெளிர் ஊதாக் குச்சியைப் படுக்கவைத்து, அழுத்தாமல், அவர் அப்பியதுபோலவே கழுத்து வரைக்கும் ஒரு தடவை இழுத்தேன்.

அந்தப் பெண் வந்து பார்த்தார். கண்ணாடி போடும் முன்னால் காட்டுவது வழக்கம். ரொம்ப நேரம் பார்த்தார். “பவுடர் போட்டிருக்கு” என்றார். பிறகு, “கலரா இல்லக்கா” என்றார். “ஆமா” என்றேன். மீதிப் பணத்தை அங்கேயே ஜிபே செய்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார். பிடித்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திதிக்கு அவர் அண்ணன் ஃப்ளெக்ஸ் அடித்திருந்தார். என் படத்தையே போனில் எடுத்து, ஏதோ ஒரு ஆப்பில் போட்டு, முகத்தை ரோஸ் நிறமாக்கியிருந்தார்கள். ஸ்டேட்டஸில் பார்த்தேன். 57ஆவது பிரிவு நினைவுக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு துக்க வீட்டுக்குப் போக முடியாது. போக விருப்பமும் இல்லை. அது அவர்களுடைய படம், அவர்களுடைய அம்மா.

*

“அப்ப நீ மாட்டேன்னு சொல்லி என்ன ஆச்சு?” என்று கேட்டார் ஒரு நண்பர். “ரெண்டு செகண்டுல ஆப் பண்ணிருச்சே. 8,000 ரூவாய்க்கு நீயே நல்லா பண்ணிக் குடுத்திருக்கலாம்.”

நியாயமான கேள்வி. விளைவை வைத்துப் பார்த்தால் பதில் இல்லை. உலகத்தில் ரோஸ் நிறமாக்கப்பட்ட அம்மாக்களின் எண்ணிக்கை என்னால் குறையவில்லை. ஆனால் ஆப் செய்ததும் கை செய்வதும் ஒன்றா? ஆப் யாரையும் பார்ப்பதில்லை. எல்லா முகத்துக்கும் அதையேதான் செய்யும். நான் ஒரு முகத்தை மூன்று நாள் பார்க்கிறேன். அவர் பிள்ளைகள்கூட ஒரே மூச்சில் அவ்வளவு நேரம் பார்த்திருக்கமாட்டார்கள். ஒவ்வொரு கோட்டிலும் ‘இது இப்படித்தான் இருந்தது’ என்று ஒருத்தி முடிவெடுத்து வைத்திருக்கிறாள் என்பதுதான் கையால் வரைந்த படத்துக்கு மிச்சமிருக்கும் ஒரே மதிப்பு. அது ஒரு சாட்சி. சாட்சி சொல்ல வந்தவர், கூப்பிட்டவருக்குப் பிடித்ததைச் சொன்னால், அந்த 8,000 ரூபாய் எதற்கு? முந்நூறு ரூபாய் பிரிண்டே போதும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்தப் பெண் படத்தை வாங்க வந்தபோது தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஐந்து வயது இருக்கும். அவள் அப்படியே பாட்டி. அதே நெற்றி, அதே நிறம். உருவப்படம் ஒரே ஒரு வீட்டின் விஷயம், புத்தகம்போலப் பொதுவில்லை என்று மேலே எழுதினேன். அந்தக் குழந்தையைப் பார்க்கும்வரை அப்படித்தான் நினைத்தேன். அந்த ஹாலில் வளரப்போகிறவள் அவள். ‘நீ உங்க பாட்டி மாதிரியே இருக்க’ என்று எல்லோரும் அவளிடம் சொல்வார்கள். அவள் நிமிர்ந்து சுவரைப் பார்ப்பாள். அங்கே ரோஸ் நிறத்தில் ஒரு பாட்டி இருந்தால், யாருமே ஒரு வார்த்தை பேசாமல் அவளுக்கு ஒன்று சொல்லப்பட்டுவிடும். அவள் பாட்டிக்கு நாத்தனார்கள் வாய்விட்டுச் சொன்னதேதான் அது.

காசு கொடுத்தவர், வரைந்தவள், முகத்துக்குச் சொந்தக்காரர் என்று மூன்று பேரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். நான்காவது ஆள் ஒருத்தி இருக்கிறாள். அந்த முகத்தை இனிமேல் சுமக்கப்போகிறவள். இறந்தவரின் ஆசைக்கும் இருப்பவரின் துக்கத்துக்கும் நடுவே எனக்கு முடிவு தெரியாதபோது, அந்தச் சிறுமி எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று பார்ப்பது எனக்கு உதவியாக இருக்கிறது.

எல்லோருக்கும் இது முடியும் என்று நான் சொல்லவரவில்லை. எனக்குக் கம்ப்யூட்டர் வேலை இருக்கிறது. மாதம் ஒரு படம் போனால் வாடகையைச் சமாளித்துவிடுவேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் உட்கார்ந்து அன்றன்றைக்கு வரைந்து சாப்பிடுகிறவரிடம் போய் “ஏன் வெளுக்கிறீங்க” என்று கேட்க எனக்கு வாய் வராது. மனசாட்சிக்கும் கொஞ்சம் சேமிப்பு தேவைப்படுகிறது. அது இருக்கிறவர்கள் அதைச் செலவு பண்ணத்தான் வேண்டும்.

இப்போதெல்லாம் முன்பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: “முகத்துக்கு வெளிச்சம் குடுப்பேன், நிறத்த மாத்த மாட்டேன். பவுடர் போடுவாங்கன்னா பவுடர் போட்டு வரைவேன்.” சிலர் சரி என்கிறார்கள். சிலர் “யோசிச்சுச் சொல்றோம்” என்று போனை வைத்துவிடுகிறார்கள். இந்த வாரம் உசிலம்பட்டியிலிருந்து ஒரு தாத்தாவின் படம் வந்திருக்கிறது. வெயிலில் நின்று வேலை பார்த்தவர். முகத்தைவிட முன்கை இன்னும் இரண்டு படி கறுப்பு. என் பெட்டியில் கருநீலம் விரல்நுனி அளவுக்குத் தேய்ந்துவிட்டது. புதிதாக ஒன்று ஆர்டர் போட வேண்டும்.